ஆவணப்படத்தை வகுப்பில் எப்படிப் படிப்பது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாகர்கோவிலில் ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் பத்துப் பதினைந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆவணப்படம் பார்த்துப் பேசுகிறேன். சில வருஷமாக இது நடக்கிறது. தோவாளையிலிருந்து வருவார்கள், குளச்சலிலிருந்து வருவார்கள், மார்த்தாண்டம் தாண்டியும் வருவார்கள். பிள்ளைகளும், அவர்களை அனுப்பும் ஆசிரியர்களும், வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள் அநேகமாக ஒன்றேதான். பஸ்ஸுக்கு நேரமாகிற அவசரத்தில் அரைகுறையாகப் பதில் சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

“ஆவணப்படம்னா கதை இல்லாத படம்தானே சார்?”

கதை இருக்கும். சினிமாவில் செத்துப்போகிறவர் ஷூட்டிங் முடிந்ததும் எழுந்து வீட்டுக்குப் போய்விடுவார். ஆவணப்படத்தில் வருகிறவர் படம் முடிந்த பிறகும் அதே தெருவில், அதே பெயரோடு இருந்தாக வேண்டும். வித்தியாசம் அங்கேதான் தொடங்குகிறது.

‘டாக்குமென்டரி’ என்ற சொல்லை, ஆவணப்பட முன்னோடி ஜான் கிரியர்சன் 1926-ல் ஒரு பட விமர்சனத்தில் பயன்படுத்தினார். நடப்பைப் படைப்பாகக் கையாள்வது என்று பின்னால் அதற்கு விளக்கமும் கொடுத்தார். இந்த விளக்கத்தில் ‘நடப்பு’, ‘கையாள்வது’ என்ற இரண்டு சொற்களையும் அடிக்கோடிடச் சொல்வேன். நடப்பு மட்டும் இருந்தால் அது சிசிடிவி. கையாள்கிற கை ஒன்று எங்கேயோ இருக்கிறது. அதைத் தேடுவதுதான் நாம் செய்யப்போவது.

“அப்போ டிவி செய்தியும், யூடியூப்ல ஊர் சுத்துற வீடியோவும் ஆவணப்படமா?”

எல்லை கோடு போட்டாற்போல இருக்காது. செய்திக்கு அன்றைக்கே வேலை முடிந்துவிடும். ஆவணப்படம் எடுப்பவர் மாதக்கணக்கில் அங்கே இருந்து, பொறுக்கி, அடுக்கி, ஒரு பார்வையை முன்வைப்பார். இந்தக் கேள்வியில் ரொம்ப நேரம் செலவழிக்க வேண்டாம். மூன்றையும் ஒரே முறையில் படிக்கலாம்.

“நான் தமிழ் டீச்சர். கேமரா, லென்ஸ் ஒண்ணும் தெரியாது. நான் எப்படி இதை நடத்த?”

உங்களுக்குத்தான் இது எளிது. ஓர் அகப்பாடலை எடுத்ததும் முதலில் என்ன கேட்பீர்கள்? யார் கூற்று? தலைவியா, தோழியா, செவிலியா? யாரிடம் சொல்கிறாள்? தொல்காப்பியச் செய்யுளியல் செய்யுளின் உறுப்புகளை அடுக்கும்போது கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம் என்றெல்லாம் சொல்கிறது. அந்தப் பட்டியலிலிருந்து ஆறை நான் அப்படியே வகுப்புக்கு எடுத்துக்கொண்டேன்.

கூற்று: இந்த இடத்தில் பேசுவது யார்? படத்தில் இருப்பவரா, முகம் தெரியாத பின்னணிக் குரலா, திரையில் ஓடும் எழுத்தா? கேட்போர்: யாரை நோக்கிச் சொல்கிறார்கள்? நம் ஊர்க்காரர்களையா, வெளியூரில் திரைப்பட விழாவுக்கு வந்தவர்களையா? களன்: கேமரா எங்கே நிற்கிறது, யார் பக்கம் நிற்கிறது? காலம்: எடுத்த நாள் எது, எந்த வரிசையில் வைத்திருக்கிறார்கள்? மெய்ப்பாடு: இந்த இடத்தில் எனக்கு அழுகையோ கோபமோ வருகிறதே, அது முகத்தால் வந்ததா, இசையால் வந்ததா? எச்சம்: சொல்லாமல் விட்டது என்ன?

தொல்காப்பியம் அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியது என்று பாயிரம் சொல்கிறது. அதங்கோடு நம் குமரி மாவட்டத்தில் இருக்கிறது, ஆசானும் நம் ஊர்க்காரர்தான் என்பது இங்கே உள்ள வழக்கு. அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் இந்த இடத்தில் மட்டும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

லென்ஸ் எண்ணெல்லாம் தெரிய வேண்டாம். ஷாட், கட், குளோஸ்-அப், பின்னணிக் குரல் என்று நாலைந்து சொற்கள் போதும். மீதியைப் பிள்ளைகள் உங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். எல்லார் கையிலும் போன் இருக்கிறது.

“45 நிமிஷப் பீரியட். ஒரு மணி நேரப் படத்தை எங்கே போட?”

முழுப் படத்தையும் போட வேண்டாம். மூன்று நிமிடத் துண்டு ஒன்றை எடுத்து மூன்று தடவை போடுங்கள். முதல் தடவை சும்மா பார்க்கட்டும். இரண்டாவது தடவை சத்தத்தை அணைத்துவிட்டு, ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். மூன்றாவது தடவை திரையை மறைத்துவிட்டு ஒலியை மட்டும் கேட்கட்டும். நடுநடுவே பேசுவதையும் சேர்த்தால் அதற்கே முப்பது நிமிடம் போய்விடும்.

மூன்றாவது பயிற்சி நான் யோசித்துக் கண்டுபிடித்ததில்லை. ஓர் ஐப்பசி மழையில் கரண்ட் போய் ப்ரொஜெக்டர் அணைந்துவிட்டது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. படம் தெரியவில்லை, சத்தம் மட்டும் வருகிறது. மீனவ கிராமம் ஒன்றைப் பற்றிய படம். நிறுத்துவதற்காக நான் இருட்டில் தடவிக்கொண்டிருந்தபோது, முட்டம் பக்கத்துப் பையன் ஒருவன், “சார், இது அந்த ஊர்க் கடல் இல்ல” என்றான். எப்படித் தெரியும் என்று கேட்டேன். “படத்துல பாறையா கிடக்கு. பாறையில அலை அடிச்சா டமார்னு கேக்கும். இது மணல்ல ஏறி இறங்குற சத்தம். அதுவும் ஒரே அலை திரும்பத் திரும்ப வருது.” கரண்ட் வந்த பிறகு போட்டுப் பார்த்தோம். அவன் சொன்னது சரி. எங்கேயோ பதிவு செய்த அலைச் சத்தத்தைப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். நான் அந்தப் படத்தை அதற்கு முன் நாலு தடவை பார்த்திருந்தேன்.

முழுப் படத்தையும் பார்க்க வேண்டுமென்றால் சனிக்கிழமை வரச் சொல்லுங்கள். ஜன்னலுக்கு அடர்ந்த துணி போட மறக்க வேண்டாம்.

“எழுதச் சொன்னா எல்லாரும் கதைச் சுருக்கம்தான் எழுதுறாங்க. கடைசியில ‘படம் மிக அருமை’ன்னு முடிச்சிடுறாங்க. என்ன செய்ய?”

பிள்ளைகள் மேல் தப்பில்லை. பாடச் சுருக்கம் எழுதித்தான் அவர்கள் பத்தாம் வகுப்பு பாஸாகி வந்திருக்கிறார்கள். பக்கத்தை மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்துக் கொடுங்கள். முதல் பத்தியில் கண்டதும் கேட்டதும். நடுப்பத்தியில் அதனால் எனக்கு என்ன தோன்றியது. கடைசிப் பத்தியில் கூற்று முதலான அந்த ஆறில் எது அப்படித் தோன்ற வைத்தது. முதல் பத்தியில் ‘சோகமான’, ‘அழகான’ என்று ஒரு சொல்கூட வரக்கூடாது.

ஒரு மாணவி முதலில் எழுதியது: “இந்தக் காட்சி முதியவரின் வறுமையை உருக்கமாகக் காட்டுகிறது.” பத்தி பிரித்த பிறகு எழுதியது: “முதியவர் பேசவில்லை. கேமரா அவர் காலில் தொடங்கி, செருப்பில்லை என்பது தெரியும் வரை அங்கேயே நின்று, அப்புறம்தான் முகத்துக்குப் போகிறது. முகத்தை முதலில் காட்டியிருந்தால் நான் அவரை ஏழை என்று நினைத்திருக்க மாட்டேன்.” இரண்டாவதில் அவள் படத்தைப் பார்த்திருக்கிறாள். முதலாவதை எந்தப் படத்துக்கு வேண்டுமானாலும் எழுதலாம்.

“என்ன படம் காட்டலாம்? தமிழ்ல ஏதாவது இருக்கா?”

இருக்கிறது, அதுவும் பழையது. பயண எழுத்தாளர் ஏ.கே. செட்டியார் நாடு நாடாகச் சுற்றி, காந்தியைப் பலர் பல ஊர்களில் எடுத்திருந்த படச்சுருள்களைத் தேடிச் சேர்த்து, 1940-ல் தமிழில் முழுநீளப் படமாகவே வெளியிட்டார். மற்றவர்கள் எடுத்த காட்சிகளைத் தொகுத்தே ஒரு படம் செய்யலாம் என்று பிள்ளைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

மத்திய அரசின் படத் தயாரிப்புப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷன் 1948-ல் தொடங்கியது. தியேட்டரில் படத்துக்கு முன்னால் ஓடிய அந்தக் கறுப்பு வெள்ளைச் செய்திப்படங்களை உங்கள் அப்பாவிடம் கேட்டால் குரலோடு நடித்துக் காட்டுவார். 2022-ல் அது தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்தப் படங்கள் கணிசமாக இணையத்தில் கிடைக்கின்றன. அரசாங்கம் பேசினால் கூற்று எப்படி இருக்கும் என்று காட்ட அருமையான பாடம்.

கல்லூரி மாணவர்கள் என்றால் துப்புரவுத் தொழிலாளர்களைப் பற்றி திவ்யபாரதி எடுத்து 2017-ல் வெளிவந்த ‘கக்கூஸ்’. பார்ப்பது கடினம், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பள்ளி என்றால் முதுமலை யானை முகாமில் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’. 2023-ல் ஆஸ்கர் வாங்கியது, பேசுவது தமிழ். குட்டி யானையைப் பார்த்து எல்லாரும் உருகி முடித்த பிறகு ஒரு வேலை கொடுங்கள்: அந்த முகாம் வனத்துறையுடையது, வனத்துறை படத்தில் எத்தனை நிமிடம் வருகிறது என்று எண்ணட்டும்.

“காலேஜ்ல போட்டா கேஸ் வருமா?”

பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 52-ல் கல்வி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கிறது. நிறுவனத்தின் செயல்பாட்டின் பகுதியாக, ஆசிரியர், மாணவர், பெற்றோர், நிறுவனத்தோடு தொடர்புடையவர்கள் மட்டும் பார்க்கும் திரையிடல் மீறலாகாது. ஊர் மண்டபத்தில் நோட்டீஸ் ஒட்டி எல்லாரையும் கூப்பிட்டால் அந்த விலக்கு பொருந்தாது. அப்போது படம் எடுத்தவருக்கு எழுதிக் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் சந்தோஷமாகச் சம்மதிப்பார்கள், சில பேர் வந்து பேசவும் செய்வார்கள்.

“திரும்பச் செய்ய வெச்சு எடுத்தா அது பொய்தானே சார்?”

இந்தக் கேள்விக்கு ஒரு வகுப்பு முழுக்கக் கொடுக்கலாம். 1895-ல் லூமியேர் சகோதரர்கள், தொழிற்சாலையிலிருந்து ஆட்கள் வெளியே வருவதை ஒரு நிமிடத்துக்கும் குறைவாக எடுத்தார்கள். அதற்கே மூன்று வடிவங்கள் உண்டு. ஒன்றில் ஒற்றைக் குதிரை வண்டி, இன்னொன்றில் இரட்டைக் குதிரை, மற்றொன்றில் குதிரையே இல்லை. சினிமா பிறந்தபோதே ரீடேக்கும் பிறந்துவிட்டது.

கனடாவின் வடக்கில் வாழும் இனுயிட் மக்களைப் பற்றி 1922-ல் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டி எடுத்த ‘நானூக் ஆஃப் தி நார்த்’ இன்னும் சிக்கல். பனி வீட்டுக்குள் வெளிச்சம் போதவில்லை என்று பெரிதாக ஒன்று கட்டி, ஒரு பக்கத்தை வெட்டித் திறந்துவிட்டு எடுத்தார். அப்போதே அந்த மக்கள் துப்பாக்கி வைத்திருந்தார்கள். படத்தில் பழைய காலத்து ஈட்டியோடு வேட்டையாடுகிறார்கள். நானூக் என்பது நாயகனின் பெயரும் இல்லை, அவர் பெயர் அல்லாகரியல்லாக். 1936-ல் வந்த ‘நைட் மெயில்’ படத்தில் ரயிலுக்குள் தபால் பிரிக்கும் காட்சி ஸ்டுடியோவில் போட்ட செட். ஊழியர்கள் நிஜ ஊழியர்கள், ரயில் ஓடுவதுபோல உடம்பை ஆட்டியிருப்பார்கள்.

பனி வீடு, ஈட்டி, தபால் ரயில் பெட்டி, இந்த மூன்றும் ஒரே மாதிரியான ‘பொய்’யா? பனி வீடும் தபால் ரயில் பெட்டியும் கேமராவின் வசதிக்காகச் செய்தவை. உள்ளே நடப்பது அவர்கள் தினமும் செய்கிற காரியம்தான். ஈட்டி அப்படி இல்லை. அது ஒரு சமூகத்தை அதன் இன்றைக்கு வெளியே தள்ளி, பழமையில் உறைய வைக்கிறது. என் கணக்கில் அது பெரிய தப்பு.

நம் ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. குலசேகரம் பக்கத்து மாணவி, தன் அப்பா ரப்பர் பால் வெட்டுவதைப் போனில் எடுத்து வந்தாள். விடியும் முன் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு போகிறார். முந்தின வெட்டில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலை உரிக்கிறார், கத்தியை இழுக்கிறார், பட்டை சுருளாக விழுகிறது, வெள்ளைக் கோடு இறங்குகிறது. அடுத்தது கத்தி முனையின் குளோஸ்-அப். நான் அதில் மயங்கிப் போயிருந்தேன். பின்னாலிருந்து ஒரு குரல்: “சாரே, பால் வரல்ல.” திரும்பப் போட்டோம். குளோஸ்-அப்பில் கத்தி நகர்கிறது, பால் இல்லை. அந்தப் பெண் சிரித்துவிட்டாள். கிட்டத்தில் ஒன்று வேண்டும், இன்னொரு தடவை வெட்டுங்கள் என்று அப்பாவைக் கேட்டிருக்கிறாள். ஒரே நாளில் ரெண்டு வெட்டு வெட்டினால் மரம் கெட்டுவிடும் என்று அவர் மறுத்து, கத்தியைப் பட்டையில் படாமல் ஓட்டிக் காட்டியிருக்கிறார்.

இது பொய்யா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. பொய்தான், ஆனால் அந்தப் பொய்யில்தான் அவர் மரத்தை எப்படி நினைக்கிறார் என்று தெரிகிறது என்றான், முதலில் ‘பால் வரல்ல’ என்றவனே. அவன் வீட்டிலும் பால்வெட்டுதான்.

“அப்போ எதையுமே நம்பக்கூடாதா?”

முந்தின பதிலைச் சொன்னால் அடுத்து இதுதான் வரும். அரைகுறையாகக் கற்ற பிள்ளைகள் ‘எல்லாமே செட்டப்’ என்று சொல்லத் தொடங்குவார்கள். அது வகுப்பின் தோல்வி.

இதற்கு மருந்தாக எரால் மோரிஸின் ‘தி தின் புளூ லைன்’ படத்தைச் சொல்வேன். 1976-ல் டல்லாஸில் ஒரு போலீஸ்காரர் கொல்லப்பட்டார். படம் அந்தச் சம்பவத்தை நடிக்க வைத்துத்தான் காட்டுகிறது. ஒவ்வொரு சாட்சி சொன்னபடியும் ஒவ்வொரு தடவை, சின்னச் சின்ன மாற்றத்தோடு. அப்படிப் பார்க்கும்போதுதான் சாட்சியங்கள் ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை என்பது தெரிகிறது. படம் 1988-ல் வந்தது. தண்டனை பெற்றிருந்தவர் 1989-ல் விடுதலையானார். நடிக்க வைத்தார்களா என்பதோடு கேள்வியை நிறுத்தாமல், நடிக்க வைத்ததை மறைத்தார்களா, எதற்காகச் செய்தார்கள் என்று தொடரச் சொல்லுங்கள்.

“பின்னணிக் குரல் இல்லாத படம்தான் நேர்மையானதுன்னு எங்க சார் சொன்னார். சரிதானா?”

பாதி சரி. குரல் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துப் போகிறது, குரல் இல்லாவிட்டால் நாமே நடக்க வேண்டும். ஆனால் எந்த வழியில் நடக்க வேண்டும் என்று தொகுப்பவர் ஏற்கெனவே வேலி போட்டிருப்பார். கூற்று இல்லாத படம் கிடையாது. வாய் இல்லாவிட்டால் கட் பேசும். அமைச்சர் மேடையில் பேசுவதையும் அடுத்து ஓட்டைக் குடத்தையும் வைத்தால், யாரும் ஒன்றும் சொல்லாமலே எல்லாம் சொல்லியாகிவிட்டது.

“நம்ம ஊரைப் பத்தின படம்னா பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியுமே. அது நல்லதா கெட்டதா?”

முட்டத்துப் பையனையும் ‘பால் வரல்ல’ என்றவனையும் மேலே பார்த்தீர்கள். ஊர் தெரிந்த கண்ணுக்கு எச்சம் சீக்கிரம் பிடிபடும். நம் மாவட்டத்தைப் பற்றி எது எடுத்தாலும் முதல் ஷாட் மேலேயிருந்து ட்ரோனில்: திருவள்ளுவர் சிலை, விவேகானந்தர் பாறை, இப்போது நடுவில் கண்ணாடிப் பாலம். அதைப் போட்டுவிட்டு, இதே ட்ரோன் இரண்டு கிலோமீட்டர் தள்ளிப் போனால் என்ன தெரியும் என்று கேளுங்கள். தாளை நிரப்பிவிடுவார்கள்.

ஒரு ஆபத்து உண்டு. ‘எங்க ஊர் அப்படி இல்ல’ என்று சண்டைக்குப் போய்விடுவார்கள். அப்போது கேட்போரை ஞாபகப்படுத்துங்கள். இந்தப் படம் யாருக்காக எடுத்தது?

“அழுகிற அம்மா முகத்தைக் கிட்டத்துல காட்டுறதை எப்படி வகுப்புல பேச? எங்க பிள்ளைகள்ல சிலர் ஒக்கி வந்த வீட்டுப் பிள்ளைங்க.”

இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து, கடலுக்குப் போயிருந்த மீனவர்கள் பலர் திரும்பாமல் போன பிறகு, தூத்தூர் தொடங்கி நீரோடி வரை மீனவ ஊர்களில் கேமராக்கள் வந்து குவிந்தன. அந்தக் காட்சிகளை வைத்துப் பாடம் எடுப்பதாக இருந்தால் முந்தின வாரமே சொல்லிவிடுங்கள். வராமல் இருக்கவும், நடுவில் எழுந்து போகவும் காரணம் கேட்கக்கூடாது.

நான் ஒரு தடவை சொல்லாமல் போட்டுவிட்டேன். ஏழு நிமிடத் துண்டு. வள்ளவிளைப் பக்கத்து மாணவி ஒருத்தி கடைசி வரை பார்த்துவிட்டுச் சொன்னாள்: “எங்க பெரியம்மா அன்னைக்கு அழுததை விடப் பேசுனதுதான் கூடுதல். ஹெலிகாப்டர் ஏன் போகல்ல, கப்பல் ஏன் போகல்லன்னு வந்தவங்க எல்லார்கிட்டயும் கேட்டுட்டே இருந்தாங்க. அது ஒண்ணும் இதுல இல்ல. அழுகை மட்டும் இருக்கு.” அந்த டிசம்பரில் குழித்துறையில் ஆயிரக்கணக்கான பேர் ரயிலை மறித்து உட்கார்ந்தது அதே கேள்வியோடுதான். அந்தத் துண்டில் பெண்கள் வாயைத் திறக்கும் இடத்திலெல்லாம் வயலின் வருகிறது. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் நாங்கள் அந்த ஏழு நிமிடத்தில் பெண்கள் முழு வாக்கியம் பேசும் இடங்களை எண்ணினோம். இரண்டு.

“ரெண்டு பேர் நேர்மாறா எழுதினா யாருக்கு மார்க்?”

இரண்டு பேருக்கும் கொடுக்கலாம், இரண்டு பேருக்கும் இல்லாமலும் போகலாம். முடிவுக்கு நான் மார்க் போடுவதில்லை. 20-க்கு என்றால், முதல் பத்தியில் கண்டதைச் சரியாகக் கண்டதற்கு 8, கண்டதையும் கருத்தையும் இணைத்ததற்கு 8, எச்சத்துக்கு 4. என் அரசியல் என்ன என்று பிள்ளைகள் மோப்பம் பிடித்துவிடுவார்கள், அதற்கேற்ப எழுதவும் செய்வார்கள். அதனால் எனக்குப் பிடித்த படத்தையே முதலில் குறை சொல்லிக் காட்டுவேன்.

“பிள்ளைகளை எடுக்கவும் வைக்கணுமா?”

வையுங்கள், ஆனால் சின்னதாக. ஒரே ஷாட், ஒரு நிமிடம், போனை எங்கேயாவது ஊன்றி வைத்துவிட வேண்டும், கட் கூடாது, இசை கூடாது. எங்கே வைப்பது, எப்போது அமுக்குவது, இந்த இரண்டு முடிவுதான் அவர்கள் கையில். மனிதர்கள் முகம் தெரிந்தால் கேட்டுவிட்டு எடுக்க வேண்டும்.

போன மாதம் ஒருவன் வடசேரி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீக்கடையின் கண்ணாடி அலமாரியை எடுத்து வந்தான். உள்ளே மூன்று பழம்பொரி. ஒரு நிமிடமும் அதுதான். நாற்பதாவது நொடியில் ஒரு கை வந்து ஒன்றை எடுக்கிறது, நின்று, திரும்ப வைத்துவிட்டுப் போகிறது. அது யார் கை என்று கேட்டோம். தெரியாது, நான் போனைப் பார்த்துட்டு இருந்தேன் என்றான். மீதி வகுப்பு முழுக்க அந்தக் கையைப் பற்றித்தான் பேசினோம்.